ஆகாயத்தில் கரன்ட் போனால்

வீட்டில் கரன்ட் போனால் ஃபேன் நிற்கும். 35,000 அடி உயரத்தில் பறக்கிற விமானத்தில் போனால்? முதலில் ஒரு நிம்மதியான விஷயம்: இன்ஜின் நிற்காது. இன்றைய ஜெட் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த இன்ஜினே தனியாகத் தயாரித்துக் கொடுக்கிறது. ஆபத்து வேற இடத்தில் இருக்கு. பைலட் பார்க்கிற திரைகள், ரேடியோ, ஆட்டோபைலட் எல்லாம் கரன்ட்டை நம்பித்தான் ஓடுது.

ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்குவோம். இண்டிகோவில் போயிருந்தால் அநேகமாக இதில் உட்கார்ந்திருப்பீங்க. ஒவ்வொரு இன்ஜினிலும் 90 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று. வால் பகுதியில் ஏபியு என்ற குட்டி இன்ஜின், அதற்கும் 90 கேவிஏ. இவை எல்லாமே போனால் விமானத்தின் அடியிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி தானாக வெளியே வரும். அதுதான் ரேம் ஏர் டர்பைன், சுருக்கமாக ராட். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு நாம எல்லாரும் கேட்ட பெயர். எதிர்க்காற்றில் அது சுழன்று, ஹைட்ராலிக் வழியாக ஒரு எமர்ஜென்சி ஜெனரேட்டரை ஓட்டும். அதிலிருந்து கிடைப்பது வெறும் 5 கேவிஏ. அது வேலையைத் தொடங்கும் வரைக்கும் பேட்டரி தாங்கும்.

90 எங்கே, 5 எங்கே? அதனால் எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்க முடியாது. எங்க ஊர் தேவர்சோலையில், கூடலூர் பக்கம், ஜூன் ஜூலை மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் வீட்டு இன்வெர்ட்டரில் என்ன ஓடும்? லைட் ஓடும், போன் சார்ஜ் ஏறும். கிரைண்டரையும் ஹீட்டரையும் யாரும் அதில் மாட்ட மாட்டாங்க. விமானமும் அதையேதான் செய்யுது. காபி போடுகிற கேலி முதலில் கட் ஆகும். பறக்கத் தேவையான கருவிகள் கடைசி வரை நிற்கும்.

பைலட்டுக்கு இதில் ஒரு வரிசை இருக்கு. முதலில் விமானத்தை ஓட்டு. அடுத்து, எங்கே போறோம்னு பாரு. அப்புறம்தான் ரேடியோவில் பேசு. ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் செக்லிஸ்ட்டை வாசிப்பார். செக்லிஸ்ட் சொன்னால் ஜெனரேட்டரை ரீசெட் செய்வாங்க, ஏபியு-வை ஸ்டார்ட் பண்ணுவாங்க. அவசரப்பட்டு எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. ஜெனரேட்டர் டிரைவை இன்ஜினிலிருந்து ஒரு தடவை கழற்றிவிட்டால், தரையிறங்கின பிறகுதான் திரும்ப மாட்ட முடியும். பேட்டரி மட்டும்தான் மிச்சம் என்றால், பக்கத்தில் இருக்கிற விமான நிலையத்தில் இறங்குவதுதான் ஒரே முடிவு.

இவ்வளவு மாற்று ஏற்பாடு இருந்தும் எப்படித் தவறுது? இரண்டு சம்பவங்களைப் பாருங்க.

2008 ஜனவரி 7. லண்டனிலிருந்து பாங்காக் போன குவாண்டாஸ் போயிங் 747-400. அதில் நாலு ஜெனரேட்டர் உண்டு, ராட் கிடையாது. முன்பக்க கேலியின் வடிகால் அடைத்து, வழிந்த தண்ணீர், விரிசல் விட்ட தடுப்புத் தகடு வழியாகக் கீழே இருந்த மின்சாதனப் பெட்டிகளில் இறங்கியது. நாலில் மூன்று ஏசி பஸ்கள் அவுட். ஆட்டோபைலட் போச்சு, பல திரைகள் அணைந்தன. முக்கியமான கருவிகள் பேட்டரியில் ஓடின. அந்தப் பேட்டரிக்குக் கணக்கு சுமார் 30 நிமிடம்தான். நல்லவேளை, பகல் நேரம், பாங்காக் பக்கத்திலேயே இருந்தது. 365 பேரும் பத்திரமாக இறங்கினாங்க. இதே பழுது நடுக்கடலில், இரவில் வந்திருந்தால்?

இன்னொன்று நம் நாட்டில் நடந்தது. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா 855, ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747. இதில் கரன்ட் முழுசாகப் போகவில்லை. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டுகிற கருவிகளில், கேப்டன் பக்கம் இருந்தது மட்டும் பழுது. வலப்புறம் திரும்பி, இறக்கைகள் நேரான பிறகும் அது வலப்புறச் சாய்வையே காட்டியது. வெளியே கும்மிருட்டுக் கடல், அடிவானம் தெரியவில்லை. கேப்டன் அந்தக் கருவியை நம்பி இடப்புறமாகச் சாய்த்துக்கொண்டே போனார். துணை பைலட் பக்கம் ஒரு கருவி, நடுவில் மாற்றாக இன்னொன்று, இரண்டும் இருந்தன. அவற்றை ஒப்பிட்டு நிலையைச் சரிசெய்யும் முன், கிளம்பின 101 வினாடிகளில் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பாங்காக்கில் ஜெனரேட்டர்கள் தனித்தனி, ஆனால் அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒரே ஒழுகலுக்குக் கீழே. பம்பாயில் மாற்றுக் கருவி சரியாகவே இருந்தது, ஆனால் கண் அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்று வடிவமைப்பின் ஓட்டை, மற்றொன்று பழக்கத்தின் ஓட்டை. எத்தனை மாற்று வைத்திருக்கோம் என்ற எண்ணிக்கை மட்டும் யாரையும் காப்பாற்றாது.

அடுத்த வருஷம் நம்மில் பலர் ஏதோ ஒரு சிஸ்டத்தை டிசைன் பண்ணப் போறோம். அது லிஃப்டாக இருக்கலாம், ஐசியு வென்டிலேட்டராக இருக்கலாம், டேட்டா சென்டராக இருக்கலாம். பிளாக் டயகிராமில் இரண்டாவது பவர் சப்ளையை வரைந்த உடனே பேனாவைக் கீழே வைக்காதீங்க. இரண்டு கேள்வி கேளுங்க. இவை இரண்டும் சேர்ந்து சாகிற மாதிரி ஒரே தண்ணீர், ஒரே கேபிள், ஒரே சாஃப்ட்வேர் எங்கேயாவது இருக்கா? முதலாவது பொய் சொன்னால், ஆபரேட்டருக்கு அது எத்தனை வினாடியில் தெரியும்?