உத்தரமேரூருக்கு ஒரு கல்விச் சுற்றுலா

பழமை வாய்ந்த கிராமங்களைச் சென்று காண்பது வெறும் பொழுதுபோக்கன்று. சீன நாட்டின் அன்ஹுய் மாகாணத்தில் ஹோங்சுன் என்றொரு கிராமம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்குச் செல்வோர் ஊரின் நடுவே அமைந்த குளத்தையும், வீடுகளை ஒட்டி ஓடும் நீர்க்கால்களையும் கண்டு வியக்கின்றனர். ஊரார் கூடி நீரைக் காத்த வரலாறே அவ்வூர் தரும் பாடம். அத்தகைய பாடத்தை நாடி நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பூந்தமல்லியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய உத்தரமேரூரில் அது கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

காலையில் புறப்படும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் முதலில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சற்று நிற்பது நலம். வயல்களுக்குப் பாய்ந்த இவ்வேரி இன்று பெரும்பாலும் சென்னைக்குக் குடிநீர் அளிக்கிறது. இதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் எவரும் மறந்திரார். அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களில் வயல்கள் வீடுகளாகிவிட்டன. வரத்துக் கால்வாய் தூர்ந்தால் ஏரி வற்றும்; கலங்கலிலிருந்து நீர் வெளியேறும் வழி அடைபட்டால் ஊர் மூழ்கும். இவ்வெண்ணத்தோடு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் வழியாக உத்தரமேரூரை அடையலாம்.

அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு அங்கத்தினரைத் தெரிந்தெடுக்கும் விதிகள் கி.பி. 919-இல் வகுக்கப்பட்டன, இரண்டே ஆண்டுகளில், 921-இல், அவை திருத்தப்பட்டன. குறை கண்டவிடத்துத் தாம் வகுத்த விதியைத் தாமே திருத்திக்கொள்ள அச்சபையார் தயங்கவில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோரும் கூடியிருக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று, யாவரும் கேட்க வாசிப்பான். இதனை வாக்களிப்பு என்று பலர் கருதுவதுண்டு. உண்மையில் இது திருவுளச்சீட்டு முறையாகும். கையில் ஓலையை ஒளித்து வைத்திருந்தான் என்ற ஐயத்திற்குக்கூட இடமிராமல் அவர்கள் கருதிச் செய்தமையே நாம் கவனிக்கத்தக்கது.

இவ்வாறு அமைந்த வாரியங்களுள் சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். ஏரியைப் பேணுவதற்கென்றே தனிக் குழு இருந்தது. பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை.

ஆயினும், பழமையைப் போற்றுவோர் அதன் குறையையும் காண வேண்டும். அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகமாக, உடையவராகவும், சொந்த மனையில் வீடு உள்ளவராகவும், வேதக் கல்வி பெற்றவராகவும், 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்டவராகவும் இருப்போர்க்கே தகுதி. வயலில் உழைத்தவர் பெயரும் பெண்கள் பெயரும் அக்குடத்தில் விழவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிய 2016-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் அக்குறையை நீக்க எழுந்தவை. உரிமையில் நாம் அவர்களைக் கடந்துவிட்டோம். கணக்கிலும் ஏரியிலும் கடந்துவிட்டோமா என்பதே கேள்வி.

எனவே, சுற்றுலா சென்று திரும்புவோர் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவதாக, தம் ஊரிலுள்ள ஏரி, குளம், மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றை நேரில் நடந்து பார்த்துப் பட்டியல் எழுதுதல். இரண்டாவதாக, ஆக்கிரமிப்பும் தூர்வும் உள்ள இடங்களைக் குறித்து, கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுதல். மூன்றாவதாக, பஞ்சாயத்தின் வரவு செலவை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளும் வகையில் அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல்.

கல்லில் வெட்டிய விதி ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கிறது. நாம் சுவரில் எழுதும் கணக்கு ஓராண்டேனும் அழியாமல் நின்று, ஊரார் கேள்விக்கு விடை சொல்லுமாயின், இச்சுற்றுலாவுக்குச் செலவிட்ட நாள் வீண் போகாது.