மையும் நீரும் முத்திரையும்

தலைநகரில் பயிலும் நமக்கு மார்கழித் திங்கள் இருவகையால் துன்பம் தருவது. ஒன்று குளிர். மற்றொன்று, பொங்கலுக்கு ஊர் செல்ல முடியாதே என்னும் ஏக்கம். சென்னைக்குச் செல்வதற்கே புகைவண்டியில் ஒன்றரை நாள் வேண்டும். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர்க்காரனாகிய என் போன்றவர்க்கு அதற்கு மேலும் ஓர் இரவு வேண்டும். ஆகவே பலர் செல்பேசியில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு மன அமைதி கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். ஆனால் என் அப்பத்தாவிடம் செல்பேசி இல்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது. ஒரு காலத்தில் சிவகாசியில் அச்சாகி வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளை அவர் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்ததைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அந்த நினைவே என்னை இந்தக் கைத்தொழிலுக்கு இழுத்து வந்தது.

தாளின் மேல் நீர்வண்ணம் தீட்டி, முத்திரை குத்தி, பேனா மையால் கோடிட்டு, துண்டுத் தாள்களை ஒட்டி ஒரு பொருளை ஆக்குவதைக் கலப்பூடகக் கலை என்று இன்று கூறுகின்றனர். பெயர் புதிது, வழக்கம் புதிதன்று. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி, பிறகு விளக்குக் கரியைப் பூசித் துடைத்து, எழுத்தைக் கறுப்பாகத் தெரியச் செய்தார்களே, அங்கும் கருவிகள் இரண்டு, முறையும் ஒன்றன்பின் ஒன்று. முதலில் கீறல், பிறகு மை. மாற்றிச் செய்தால் பயன் இல்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் அதுவே. பல பொருள்களைக் கலக்கும் கலையில் திறமை என்பது பெரும்பாலும் எது முன், எது பின் என்று அறிதலே ஆகும்.

நான் கெடுத்த இருபது அட்டைகள்

இதை நான் நூலில் படித்து அறியவில்லை, கெடுத்து அறிந்தேன். முதல் ஆண்டு, பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, விடுதி அறையில் இருபது அட்டைகளை வெட்டி வைத்தேன். அழிப்பான் ஒன்றில் பொங்கற்பானை வடிவம் வெட்டி, அலுவலகங்களில் பயன்படும் ஊதா ஸ்டாம்பு பேடில் தொட்டு, இருபதிலும் குத்தினேன். அழகாக இருந்தது. மறுநாள் இரவு வானத்துக்கு நீலம் தீட்டத் தொடங்கினேன். தூரிகை பானையைத் தொட்டவுடன் ஊதா கரைந்து ஓடியது. பானை மறைந்தது, வானம் கத்தரிக்காய் நிறம் ஆயிற்று. முத்திரை நன்றாகக் காயவில்லை போலும் என்று எண்ணி, மற்றவற்றை அறைச் சூடேற்றியின் முன் வைத்தேன். அட்டைகள் அப்பளம் போல் சுருண்டன. மை அப்போதும் கரைந்தது.

ஏன் கரைந்தது? மைகள் இருவகை. ஒருவகையில் சாயம் நீரிலேயே கரைந்து நிற்கும். உப்பு நீரில் கரைவது போல. மற்றொருவகையில் நிறத்தூள் கரையாமல் நுண்ணிய துகளாக மிதக்கும். அத்துகளைத் தாளோடு பிடித்து நிறுத்த ஒரு பசைப்பொருள் கலந்திருக்கும். அலுவலக ஸ்டாம்பு மை முதல் வகை. பேடு விரைவில் உலராதிருக்க அதில் கிளிசரின் போன்ற பொருளும் சேர்ப்பார்கள். ஆகவே எத்தனை நாள் காய வைத்தாலும், நீர் பட்டால் அது மீண்டும் கிளம்பும். சூடேற்றியின் மேல் குறை சொல்லிப் பயனில்லை.

கடைகளில் இந்தியன் இங்க் என்று கேட்டால் கிடைக்கும் கறுப்பு மையோ இரண்டாம் வகை. அதன் நிறம் கரித்தூளால் ஆனது. நீர்புகா வகை என்று குறித்திருப்பதில் அரக்குச் சேர்ந்திருக்கும். உலர்ந்தபின் அது நீருக்கு அசையாது. நீர்வண்ணத்திலும் போஸ்டர் கலரிலும் பிடிப்புப் பொருள் பிசின். அது நீரில் மீண்டும் கரையும். அக்ரிலிக் வண்ணத்தில் பிடிப்புப் பொருள் ஒருவகைப் பிளாஸ்டிக், உலர்ந்தால் கரையாது. உங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு புட்டியையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'உலர்ந்தபின் நீரைக் கண்டால் நீ என்ன செய்வாய்?' விடை தெரியாவிட்டால் ஒரு துண்டுத் தாளில் கோடிட்டு, ஒரு நாள் விட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். இந்தச் சோதனையை நான் முன்பே செய்திருந்தால் இருபது அட்டைகள் பிழைத்திருக்கும்.

தாள் தேர்தல்

பல்கலைக்கழக நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் சாவ்டி பஜார். தாளுக்கும் மணவோலை அட்டைகளுக்கும் பெயர் பெற்ற கடைத்தெரு அது. அங்கிருந்து சாந்தினி சௌக் வரை செல்லும் நயீ சடக்கில் புத்தகங்களும் எழுதுபொருள்களும் கிடைக்கும். அங்கே கைத்தாள் கேளுங்கள். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஜி எனப்படும் குடும்பத்தார் வழிவழியாகத் தாள் செய்து வருகின்றனர். பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, நீரைப் பிழிந்து, கொடியில் உலர்த்துவது அவர்கள் முறை. நம் பக்கத்திலும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959இல் தொடங்கியது.

ஆனால் கைத்தாள் எல்லாம் நீர்வண்ணத்துக்கு ஏற்றது அன்று. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அதில் பசையூட்டம் இல்லை என்று பொருள். மை அதில் வேர்விட்டுப் பரவும். சொட்டு முத்துப் போல் சற்று நேரம் நின்றால் அத்தாளை வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்த தாள் நீர் பட்டால் நெளியும். நெளியாதிருக்க நான்கு ஓரங்களையும் பலகையில் நாடாவால் ஒட்டிவிட்டுத் தீட்டுங்கள். முழுதும் உலர்ந்தபின் எடுங்கள். தில்லியின் மூடுபனி நாளில் இதற்கு ஓர் இரவு ஆகலாம். ஆகவே பொங்கல் அட்டையை மார்கழி முதல் வாரத்திலேயே தொடங்குக.

முத்திரை வெட்டுதல்

புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளி முத்திரைகளைக் கண்டு நின்றேன். மாக்கல்லில் வெட்டிச் சுட்டவை. பெரும்பாலானவை ஏறத்தாழ ஓர் அங்குலச் சதுரம். நாலாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் உருவத்தை இடவலம் மாற்றி, பள்ளமாகக் குடைந்திருக்கிறான். களிமண்ணில் அழுத்தினால் உருவம் மேடாக, நேராக எழும். நாம் தாளில் குத்துவதற்கு உருவத்தை மேடாக விட்டுச் சுற்றிலும் குடைய வேண்டும். ஆனால் இடவலம் மாற்றும் கணக்கு இருவருக்கும் ஒன்றே.

தமிழ் எழுத்தில் இக்கணக்குச் சற்றுக் கடுமை. 'பொங்கல்' என்று வெட்ட எண்ணினேன். பகரம் இருபுறமும் ஒத்த எழுத்து, அது ஏமாற்றாது. கொம்பும் காலும் ஏமாற்றிவிட்டன. நேராக எழுதி நேராக வெட்டினேன். குத்திப் பார்த்தால் காலும் கொம்பும் இடம் மாறி, ஏதோ வேற்றுமொழி போல் நின்றது! 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. அந்த எழுத்துகளை ஆக்கியவர்கள் ஒவ்வொரு கொம்பையும் இப்படி மாற்றி எண்ணியிருப்பார்கள் அன்றோ? அன்று முதல் அவர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

எளிய வழி உண்டு. ஊடுதெரியும் மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் நேராக எழுதுங்கள். அதை அழிப்பானின் மேல் கவிழ்த்து வைத்து, நகத்தால் தேயுங்கள். எழுத்து தானே மாறிப் பதியும். பிறகு சிறு உளியால் அல்லது கூர்ந்த கத்தியால் வெட்டுங்கள். எழுத்தின் பக்கச் சுவர் அடியில் அகன்று, மேலே ஒடுங்கி இருக்கட்டும். அடியைக் குடைந்துவிட்டால் கோடு விரைவில் ஒடியும். அழிப்பானைப் பிடிக்கும் விரல்கள் எப்போதும் கத்தியின் பின்புறம் இருத்தல் வேண்டும்.

துணியில் அச்சிடும் மர அச்சுகளை நாம் இந்நகரில் பல கடைகளில் காணலாம். குஜராத்தின் பேதாபூர் அவ்வச்சுச் செதுக்கலுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வச்சுகளின் முதுகில் துளைகள் இருக்கும். காற்றும் மிகுந்த சாயமும் வெளியேற வைத்த வழி அது. கோட்டுக்கு ஓர் அச்சு, உள் நிறத்துக்கு ஓர் அச்சு என்று தனித்தனியே குத்துவார்கள். நாமும் பானையின் கோட்டுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என இரண்டு வெட்டலாம். இவையெல்லாம் இயலாதவர்க்கு வெண்டைக்காய் இருக்கிறது. காம்பை ஒட்டிக் குறுக்கே வெட்டினால் ஐந்திதழ்ப் பூ. நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் அறிந்த முத்திரை!

முறை

இனி ஓர் அட்டையை முறையாகச் செய்வோம்.

முதலில் பென்சிலால் இலேசாக இடம் குறியுங்கள். பானையிலிருந்து எழும் ஆவி வெண்மையாகத் தெரிய வேண்டிய இடத்தில் மெழுகுவர்த்தியால் அழுத்திக் கோடிடுங்கள். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் தாளின் வெண்மையே. மெழுகு நீரை விலக்கி அதைக் காக்கும். மெழுகின் மேல் முத்திரை மையும் ஒட்டாது. ஆகவே முத்திரைக்குரிய இடத்தில் அது படவேண்டா.

இரண்டாவது, வானத்துக்கும் தரைக்கும் நீர்வண்ணம். பிறகு உலரவிடுங்கள். புறங்கையை வைத்தால் தாள் குளிர்ந்திருக்கிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது.

மூன்றாவது, முத்திரை. பேடின் மேல் முத்திரையை அழுத்தாமல், பேடை முத்திரையின் மேல் மெல்லத் தட்டுங்கள். மை மெல்லிய படலமாக ஏறும். தாளுக்கு அடியில் மடித்த செய்தித்தாள் வையுங்கள். நேராக வைத்து, அழுத்தி, நேராக எடுங்கள். ஊதா ஸ்டாம்பு மைக்கும் இப்போது அச்சமில்லை. இனி நீர் வராது. முத்திரையை முதலில் குத்தியே தீரவேண்டும் என்பவர் நீருக்கு அசையாத நிறத்தூள் மையைக் கொள்க.

நான்காவது, பேனாக் கோடும் வாழ்த்துச் சொல்லும்.

ஐந்தாவது, ஒட்டுதல். பழைய அஞ்சல்தலை, வண்ணத்தாள், கோலத் துண்டு எதுவானாலும் சரி. மைதாப் பசையைக் காய்ச்சும்போது பூச்சி வராதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது நூல் கட்டுவோர் வழக்கம். அது நஞ்சு, சமையல் பாத்திரத்தைத் தொடாதீர். ஒட்டும் துண்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை பூசி, அது ஊறி விரிய ஒரு நிமிடம் விட்டு, ஒட்டுங்கள். மேலே வெள்ளைத்தாள் இட்டு, கனத்த பாடநூல்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பாடநூலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

ஒரு சொல்

இம்முறையில் மறு ஆண்டு பன்னிரண்டு அட்டைகளே செய்தேன். என் அறை நண்பன் பஞ்சாபி. பொங்கலுக்கு முன்னே, ஜனவரி 13 அன்று, அவர்களுக்கு லோஹ்ரி. என் கரும்பு முத்திரையை வாங்கித் தன் வீட்டுக்கும் ஓர் அட்டை குத்தினான். கரும்பு இரண்டு ஊருக்கும் பொது அல்லவா?

அப்பத்தாவுக்கு அனுப்பிய அட்டையில் எழுத்தே இல்லை. பானையும் கரும்பும் ஆவியும் மட்டும். பொங்கலன்று தம்பி செல்பேசியில் அழைத்து அவர் கையில் கொடுத்தான்.

"ஏய்யா, நீ அடிச்ச பான ஒரு பக்கமா சாஞ்சிருக்கே. அரிசி கொட்டிராதா?" என்றார்.

உண்மைதான். பன்னிரண்டாவது அட்டை அது, கை தளர்ந்திருந்தது. ஆயினும் என் மனம் குளிர்ந்தது. நான் செல்பேசியில் அனுப்பிய படங்களில் எதையும் யாரும் இத்தனை கூர்ந்து பார்த்ததில்லை. அச்சகப் பானை சாயாது. சாய்ந்த பானையை ஒரு கை செய்திருக்கிறது. அந்தக் கை யாருடையது என்பது எழுத்தறியா அப்பத்தாவுக்கும் தெரிந்தது.

நண்பர்களே, வரும் பொங்கலுக்கு நம் மன்றத்தார் ஆளுக்கு ஒரு முத்திரை வெட்டி வந்தால், ஒருவர் பானை மற்றவர் கரும்போடு சேரும். எல்லோர் வீட்டுக்கும் அட்டை செல்லும். நீர்வண்ணம் முன், முத்திரை பின். இது ஒன்றை மறவாதீர். மற்றவற்றைக் கை தானே கற்றுக்கொள்ளும்.