அமோனியாவும் அனுப்புங்கள்

அன்புள்ள டாக்டருக்கு,

எம்.டி. முடித்த கையோடு பச்சிளங்குழந்தைப் பிரிவில் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். பரம்பரை வளர்சிதைமாற்ற நோய்கள் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது, ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, பாதிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நினைவில் வைக்க வேண்டாம். நானும் வைத்திருக்கவில்லை. இந்தத் துறையில் பெயர் கடைசியில் வருவது. சில சமயம் குழந்தை வீடு திரும்பிய பிறகு வரும். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் குழந்தை பிழைப்பதும், பிழைத்தால் நடப்பதும் பேசுவதும்.

நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகிற காட்சி இது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை. நன்றாக அழுதது, இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தது. மூன்றாம் நாள் மார்பில் வாய் வைக்க மறுக்கிறது, துவள்கிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது. கேஸ் ஷீட்டில் கை தானாகவே ‘செப்சிஸ்’ என்று எழுதிவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால் ஆன்டிபயாடிக்கை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அதே ஊசியில் எடுத்த ரத்தத்தில் அமோனியா, லாக்டேட், ரத்த வாயு, சர்க்கரை நான்கையும் பாருங்கள். சிறுநீரில் கீட்டோன் பாருங்கள். கல்ச்சர் பாசிட்டிவ் என்று வந்தாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். காலக்டோசீமியா உள்ள குழந்தைக்கு ஈ.கோலை கிருமித் தொற்று சேர்ந்தே வருவதுண்டு. கிருமியை ஒழித்துவிட்டு மறுபடி பால் கொடுத்தால் மஞ்சள் காமாலையும் ஈரல் பழுதும் தொடரும்.

ஏன் மூன்றாம் நாள்? கருவில் இருந்தவரை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடல் குழந்தையின் கழிவுகளைச் சுத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. கொடியை அறுத்த பிறகு குழந்தை தன் சொந்த நொதிகளை நம்பியாக வேண்டும். ஒரு நொதி இல்லையென்றால், பாலில் உள்ள புரதமே நஞ்சாகச் சேரத் தொடங்குகிறது. அந்த இடைப்பட்ட நல்ல நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம். பிறந்தது முதலே மூச்சுத் திணறிய குழந்தையின் கதை வேறு.

இரண்டாவது தடயம் மூச்சு. வேகமாக மூச்சு வாங்குகிற குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் தெளிவாக இருக்கிறது. ரத்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, ரத்தம் காரத்தன்மைக்குப் போயிருக்கிறது. செப்சிஸில் துவண்ட குழந்தைக்கு ரத்தம் அமிலமாகத்தான் போக வேண்டும். காரமாகப் போனால், மூளையின் சுவாச மையத்தை அமோனியா தூண்டிவிட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள். அதற்கு மாறாக ரத்தம் கடும் அமிலமாகி, சிறுநீரில் கீட்டோனும் நிறைய இருந்தால் கரிம அமில நோய்கள் பக்கம் பாருங்கள். பச்சிளங்குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் நிறைந்திருப்பது இயல்பே அல்ல. சர்க்கரை அதலபாதாளத்தில் இருக்கும்போதும் கீட்டோனே இல்லையென்றால், கொழுப்பை எரிக்கும் பாதையில் கோளாறா என்று பாருங்கள். இந்த மூன்று வழிகள் தெரிந்தால் முதல் இரவுக்குப் போதும்.

அமோனியா ரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பாடப்புத்தகம் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கையை இறுக்கிக் கட்டிப் பிழிந்து எடுக்காதீர்கள். தானாக வழிகிற ரத்தம் வேண்டும். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, ஐஸ் நிரம்பிய டப்பாவில் செருகி, யாராவது ஒருவர் கையோடு லேபுக்குக் கொண்டு ஓட வேண்டும். மற்ற குழாய்களோடு டிரேயில் வைத்துவிட்டு அட்டெண்டர் வரட்டும் என்று காத்திருந்தால், குழாய்க்குள்ளேயே அமோனியா ஏறிக்கொண்டிருக்கும். லேபுக்கு முன்கூட்டியே போன் செய்து, ‘வருகிறது, வந்ததும் போடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். சில லேப்கள் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று தரும், அதை 1.7ஆல் வகுத்தால்தான் லிட்டருக்கு மைக்ரோமோல் கிடைக்கும். பச்சிளங்குழந்தைக்கு அது 150ஐத் தாண்டினால் உடனே மறுபடி ஒருமுறை பாருங்கள். 500ஐ நெருங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு டயாலிசிஸ் உள்ள ஊரைத் தேடாதீர்கள். ஏறுகிறது என்று தெரிந்ததும் போனை எடுங்கள்.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது மூன்றுதான். புரதத்தை நிறுத்துங்கள், தாய்ப்பாலும் அதில் சேரும். உப்புகள் சேர்த்த 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைத் தாராளமாக ஏற்றுங்கள். மாவுச்சத்து கிடைக்காத உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். கரைகிற தசையும் புரதம்தான், வெளியிலிருந்து நிறுத்தியது உள்ளிருந்து வந்துவிடும். மூன்றாவது, பரிசோதனைக்கான வடிதாள் அட்டையில் ரத்தப் பொட்டு, உறைய வைத்த பிளாஸ்மா, உறைய வைத்த சிறுநீர் இவற்றைச் சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்து வையுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏறிக் குழந்தை தேறிய பிறகு எடுக்கும் மாதிரி ஒன்றுமே நடக்காததுபோலக் காட்டிவிடும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: நிறுத்திய புரதத்தை 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். பயந்துபோய் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதும் அதே தசைக் கரைவில்தான் கொண்டுபோய் விடும்.

வைட்டமின்களைக் கண்மூடித்தனமாகக் கொடுப்பதை நான் பொதுவாக எதிர்ப்பவன். இங்கே மட்டும் விதிவிலக்கு. மீத்தைல்மலானிக் அமில நோயில் ஒரு பகுதியினர் பி12க்குக் கட்டுப்படுவார்கள். ஆனால் தேவை ஹைட்ராக்சோகோபாலமின். மருந்துக் கடையில் கேட்டால், நரம்புத் தளர்ச்சிக்கு எழுதித் தீர்க்கிற மீத்தைல்கோபாலமினைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சரியான மருந்தை முன்கூட்டியே வாங்கி வார்டில் வையுங்கள். பயோடினிடேஸ் குறைபாடு இன்னும் வயிற்றெரிச்சலான கதை. வலிப்பு என்று நரம்பியல் டாக்டரிடம், வாயைச் சுற்றிப் புண் என்று தோல் டாக்டரிடம், முடி கொட்டுகிறது என்று இன்னொருவரிடம், காது கேட்கவில்லை என்று வேறொருவரிடம் அந்தக் குழந்தை அலையும். மருந்து, தினம் 5 முதல் 10 மில்லிகிராம் பயோடின். பெரியவர்கள் முடி வளர வேண்டும் என்று வாங்கி விழுங்குகிற அதே மாத்திரை. சீக்கிரம் கொடுத்தால் வலிப்பும் புண்ணும் போய்விடும். போன காது திரும்பாது.

தாய் சொல்வதைக் கேளுங்கள் என்று எல்லா மூத்தவர்களும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், காரணத்தோடு. 1934இல் நார்வேயில் போர்க்னி எகெலாண்ட் என்ற தாய், தன் இரண்டு பிள்ளைகளிடமும் ஒரு விநோத வாடை வருகிறது என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். யாரும் பொருட்படுத்தவில்லை. வேதியியலும் படித்திருந்த டாக்டர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் மட்டும் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரை வாங்கி ஃபெரிக் குளோரைடை விட்டுப் பார்த்தார். வழக்கமாக வராத பச்சை நிறம் வந்தது. ஃபீனைல்கீட்டோனூரியா கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்கு 1950களில் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் உணவு முறையை உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி ஒரு ரத்தப் பொட்டிலேயே நோயைப் பிடிக்கும் வழியைக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் முதல் புள்ளி ஒரு தாயின் மூக்கு.

நம் ஊர்த் தாய்க்கு மேப்பிள் சிரப் என்றால் என்னவென்று தெரியாது. நமக்கும் நிஜத்தில் தெரியாது. பாடப்புத்தகம் அந்த வாடை வரும் என்று சொல்கிற நோயில் சிறுநீருக்கு வெந்தய வாசம் அடிக்கும். இரண்டிலும் மணப்பது சோட்டோலோன் என்ற ஒரே வேதிப்பொருள். ‘பிள்ளையோட துணியில வெந்தயம் மாதிரி வாசம் வருதா?’ என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, தாய் பிரசவத்துக்கு முன் வெந்தயம் நிறையச் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். அப்படிச் சாப்பிட்டிருந்தால் நோயே இல்லாத குழந்தையிடமும் அந்த வாசம் வரும்.

குடும்பக் கதை கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘சொந்தத்தில் கல்யாணமா?’ என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். கேள்வியிலேயே குற்றம் தொனிக்கிறது. ‘கல்யாணத்துக்கு முன்னால இவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவீங்க?’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ரத்த சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்கள் நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களுக்கு இணையாக இருக்கின்றன. அக்காள் மகளைக் கட்டுவதும் இங்கே வழக்கம்தான். முந்தைய குழந்தை ஏதும் இறந்ததா என்றால், ‘மாந்தம் வந்து போயிடுச்சு’, ‘நிமோனியான்னாங்க’ என்று பதில் வரும். எத்தனையாவது நாளில், பால் குடித்துக்கொண்டிருந்ததா என்று கேட்டுக்கொண்டே போங்கள். தாயின் கூடப்பிறந்த ஆண்கள் யாராவது தொட்டிலிலேயே இறந்தார்களா என்றும் கேட்க வேண்டும். யூரியா சுழற்சி நோய்களில் ஓ.டி.சி. குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது; அதற்குச் சொந்தத்தில் கட்டியிருக்க வேண்டியதே இல்லை. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது அந்த விளக்கத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் பழி யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

எக்ஸோம் பரிசோதனை இப்போது கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதையே முதலில் அனுப்புகிற பழக்கம் பரவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிப்போர்ட் வர வாரங்கள் ஆகும். வந்தாலும், பொருள் உறுதியாகாத மாற்றம் என்று ஒரு வரி இருக்கும். டேண்டம் மாஸ் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரின் கரிம அமிலப் பரிசோதனையும் கையில் இருந்தால்தான் அந்த வரிக்கு அர்த்தம் கிடைக்கும்.

பெயர் வந்த பிறகு சிகிச்சை நம் கையை விட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறது. அதற்குள் எட்டிப் பார்க்காத டாக்டர் இந்தத் துறைக்கு ஆக மாட்டார். கிளைகோஜன் சேமிப்பு நோயின் முதல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மை போன்ற கன்னம், முட்டித் தள்ளும் ஈரல், நாலு மணி நேரம் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். மருந்து, மளிகைக் கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளார். பச்சைத் தண்ணீரில் கரைத்து அப்படியே கொடுக்க வேண்டும், நள்ளிரவு அலாரம் வைத்து எழுந்தும்தான். வேகாத மாவு மெல்லச் செரித்து மணிக்கணக்கில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும். பாட்டி பாசத்தோடு அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோய், விடியற்காலையில் குழந்தைக்கு வெட்டி இழுக்கும். அளவைக் கூட்டும் முன் ‘எப்படிக் கலக்குறீங்க, செஞ்சு காட்டுங்க’ என்று சொல்லுங்கள்.

புரதம் குறைக்க வேண்டிய குழந்தைகளுக்கு இறக்குமதிப் பால்பவுடரோடு நம் ஊரிலேயே ஒரு வரம் இருக்கிறது: சேலத்து ஜவ்வரிசி. மரவள்ளி மாவில் செய்வது, புரதம் அநேகமாக இல்லை. ஜவ்வரிசி உப்புமா, கஞ்சி, வடாம் என்று பசிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பருப்பில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். ‘பருப்புஞ்சோறு ஊட்டாம ஒரு பிள்ளையா?’ என்று கேட்கப் போகிற பாட்டியையும் ஆலோசனைக்கு அழையுங்கள். பள்ளியில் சத்துணவு முட்டையை ஆசிரியை அன்போடு ஊட்டிவிடுவார். அவருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

காய்ச்சல் வரும் நாள்தான் ஆபத்தான நாள். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று வயிற்றைக் காயப்போடுகிற வழக்கம் இந்தக் குழந்தைகளுக்கு எமன். வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. தாயின் பையில், லேமினேட் செய்த ஒரு தாள் எப்போதும் இருக்க வேண்டும்: நோயின் பெயர், எந்த டிரிப், என்ன வேகம், என்ன கொடுக்கக் கூடாது, உங்கள் போன் எண். நள்ளிரவில் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆளாக இருக்கும் ட்யூட்டி டாக்டருக்கு அந்தத் தாள்தான் துணை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அந்த மையங்களில் ஒன்று. கோஷே, போம்பே போன்ற நோய்களுக்கு நொதியை வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும், குழந்தையின் எடை கூடக்கூடச் செலவும் கூடும். 50 லட்சம் அதற்குப் போதாது, தீர்ந்த பிறகு என்ன என்பதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. என்ன செய்தும் பிழைக்காது என்று தெரிகிற இரவுகள் வரும். பெற்றோரிடம் மெல்லக் கேட்டு, அனுமதி வாங்கி, குழந்தை இருக்கும்போதே ரத்தப் பொட்டும், டி.என்.ஏ.வுக்கு ஈ.டி.டி.ஏ. ரத்தமும், சிறுநீரும் எடுத்து வையுங்கள். வடிதாளை வெயில் படாமல் உலர்த்தி உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். தாயின் போன் எண்ணைக் கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதாமல் உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போன உடனே வரச் சொல்லுங்கள். 11 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். ஆனால் எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்று முதல் குழந்தையின் ரத்தத்திலிருந்து முன்பே தெரிந்திருந்தால்தான் முடியும்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா