செய்தி வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு

சேலம், நாமக்கல் பக்கம் படித்து முடித்துவிட்டு "நியூஸ் ரீடர் ஆகணும்" என்று வரும் பிள்ளைகள் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். என் முகம் ஒத்துவருமா? என் குரல் ஒத்துவருமா? இரண்டுக்கும் பதில் பின்னால் வருகிறது. அதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நான் வாசிக்கப்போகும் செய்தி எனக்குப் புரிந்திருக்கிறதா? பல காலம் செய்தி அறைகளில் இருந்து, வந்தவர்களையும் போனவர்களையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். புரிந்து வாசித்தவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைத்தார்கள். அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ள எனக்குத் தெரிந்த வழிகளை வரிசையாக எழுதுகிறேன்.

1. வாய்விட்டுப் படியுங்கள்

தினமும் காலையில் இரண்டு நாளிதழ்களாவது படியுங்கள். ஒரு செய்தியை முதலில் மனதுக்குள் படியுங்கள். அடுத்து வாய்விட்டுப் படியுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, அந்தச் செய்தியை வீட்டில் இருப்பவரிடம் மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். "யாரு? எங்கே? எப்போ?" என்று அம்மா திருப்பிக் கேட்டால் செய்தி இன்னும் உங்களுக்குள் இறங்கவில்லை. மறுபடி படியுங்கள்.

டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் முகம் தெரியாமலே தமிழ்நாடு முழுவதும் அவரைத் தெரிந்து வைத்திருந்தது. 2022-ல் அவர் மறைந்தபோது, அவர் குரலைக் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை வருந்தியது. அவர் வாசித்த பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லில் அழுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அர்த்தம் தெரிந்தவருக்குத்தான் நிறுத்த வேண்டிய இடம் தெரியும்.

2. உச்சரிப்பை ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள்

ல, ள, ழ மூன்றும் நாக்கில் தனித்தனியாக விழ வேண்டும். அதற்குத் தனிப் பாடப் புத்தகம் வேண்டாம். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களே போதும்: கொல்லிமலை, பேளுக்குறிச்சி, வாழப்பாடி. மூன்றையும் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ஒரே மூச்சில் சொல்லுங்கள். உங்கள் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். 'வாளப்பாடி' என்று கேட்டால் நாக்கு இன்னும் போதிய அளவு வளையவில்லை. அடுத்து ர, ற. அதற்கடுத்து ந, ண, ன. 'செய்தி' என்பதை 'ஸெய்தி' என்று சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

நம் கொங்குப் பேச்சுக்காகக் கூச்சப்பட வேண்டாம். "ஏனுங்க", "வாங்க" என்று பேசி வளர்ந்தவர்களுக்கு மரியாதை குரலிலேயே ஊறியிருக்கிறது. அது செய்தி வாசிப்புக்கு நல்ல முதலீடு. வாக்கியத்தின் கடைசியை இழுக்கும் வழக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மாவட்டத்து ஊர்ப் பெயர் வந்தால் ஊகித்து வாசிக்காதீர்கள். அந்தப் பகுதி நிருபருக்கு ஒரு போன் போட்டு, அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். தன் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்பவரின் மற்ற செய்தியை அந்த ஊர்க்காரர் எப்படி நம்புவார்?

3. எண்ணை மதியுங்கள்

நாமக்கல்லில் முட்டை கொள்முதல் விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் காசுக் கணக்கில்தான். பண்ணைக்காரர் அனுப்புவது ஆயிரக்கணக்கான முட்டைகள் என்பதால் ஒவ்வொரு காசும் அவருக்குப் பெரிது. தாளில் 5.05 என்று இருப்பதை "ஐந்து ரூபாய் ஐம்பது காசு" என்று நீங்கள் வாசித்தால், கேட்பவருக்கு முட்டைக்கு 45 காசு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி ஒருவர் வியாபாரம் பேசினால் நஷ்டம் அவருக்கு. இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததும் "ஐந்து ரூபாய் ஐந்து காசு" என்று எழுத்தில் மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அணைச் செய்தியும் அப்படித்தான். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் அடியிலும், நீர்வரத்தும் திறப்பும் விநாடிக்கு இத்தனை கனஅடி என்றும், இருப்பு டி.எம்.சி.யிலும் சொல்லப்படும். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கனஅடி. விநாடிக்குச் சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு "விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி திறப்பு" என்ற வரி வரும்போது உங்கள் குரல் தானாகவே நிதானப்படும். அவ்வளவு தண்ணீர் வந்தால் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு அந்த எண் உயிர்ச் செய்தி.

4. முந்துவதைவிட உறுதி பெரிது

2016 டிசம்பர் 5-ஆம் தேதியை இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் யாரும் மறக்கக் கூடாது. அன்று மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகிவிட்டார் என்று சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. அவர் கட்சியின் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சற்று நேரத்தில் அப்போலோ மருத்துவமனை அதை மறுத்தது. கொடி திரும்ப மேலே ஏறியது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக மருத்துவமனை முறைப்படி அறிவித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. இடையில் கழிந்த அந்த மணி நேரங்களில் எத்தனை குடும்பங்கள் எப்படித் தவித்திருக்கும்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் அந்த மரணச் செய்தியை வாசித்தது மாலையில்தான். அதற்கு முன்பே வெளிநாட்டு வானொலி வழியாக மக்களுக்குத் தெரிந்துவிட்டது. அளவுக்கு மீறிய தாமதமும் நம்பிக்கையைக் கெடுக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். "மருத்துவமனை நிர்வாகம் தெரிவித்துள்ளது", "மாவட்ட ஆட்சியர் உறுதி செய்துள்ளார்", "முதற்கட்டத் தகவல்" என்று யார் சொன்னார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். மரணச் செய்தி என்றால், "யார் உறுதி செய்தது?" என்று ஆசிரியர் குழுவிடம் கேட்காமல் வாய் திறக்காதீர்கள். அப்படிக் கேட்பது வாசிப்பாளரின் கடமை.

5. ஒரு சொல்லால் தீர்ப்பு எழுதாதீர்கள்

2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு நம் மண்ணில் நடந்தது. பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடைத்தது. அந்தக் கொலைக்காகத் தேடப்பட்டு வந்தவரின் குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றின. மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2022 மார்ச்சில். உயர்நீதிமன்றம் 2023-ல் அதை உறுதி செய்தது.

இப்படிப்பட்ட செய்தியை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுங்கள். தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்'. தீர்ப்புக்குப் பிறகுதான் 'குற்றவாளி'. கொலையைக் 'காதல் விவகாரம்' என்று சுருக்காதீர்கள். தலைமறைவாக இருப்பவரை வீரராகக் காட்டும் வரி ஒன்று ஸ்கிரிப்ட்டில் வந்தால், அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் சாதியோ கட்சியோ உங்கள் குரலில் தெரியக் கூடாது. உங்கள் முகநூல் பக்கத்திலும் தெரியக் கூடாது.

6. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின் கீழ் குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் உண்டு. பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, தந்தையின் தொழில் என்று அடுக்கினால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்தவர் கவனிக்காவிட்டாலும் நீங்கள் கவனியுங்கள்.

தேர்தல் என்றால், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் தேர்தல் பிரசாரத்தைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இது.

தேர்வு முடிவு வரும் காலங்களில் தற்கொலைச் செய்திகள் வரும். எந்த முறையில் நடந்தது என்று விவரிக்காதீர்கள். ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடிக்காதீர்கள். 104, 14416 ஆகிய உதவி எண்களை நிதானமாக, குறித்துக்கொள்ளும் வேகத்தில் சொல்லுங்கள். கேட்பவர்களில் ஒரு மாணவி இருக்கலாம்.

7. ஸ்டுடியோவில்

செய்தி தொடங்க அரை மணி நேரம் முன்பே ரன்டவுனை, அதாவது செய்திகளின் வரிசைப் பட்டியலை, கையில் வாங்குங்கள். ஒவ்வொரு செய்தியையும் ஒருமுறையாவது வாய்விட்டு வாசியுங்கள். ப்ராம்ப்டர் ஓடினாலும் அச்சிட்ட தாள் மேஜைமேல் இருக்கட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். ப்ராம்ப்டர் நின்றுபோனால் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று விரல் தேட வேண்டியிருக்காது.

காதில் பி.சி.ஆர். எனும் தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறை பேசிக்கொண்டே இருக்கும்: "அடுத்து போனோ" (தொலைபேசிப் பேட்டி), "பைட் ரெடி இல்லை" (பேட்டித் துண்டு), "பத்து செகண்ட்". கேட்டபடியே வாசிக்க வீட்டிலேயே பழகலாம். வானொலியை ஒரு காதில் ஓடவிட்டு நாளிதழை உரக்கப் படியுங்கள். முதல் வாரம் தடுமாறும். பிறகு வசப்படும்.

நிருபரிடம் நேரலையில் கேட்கும் கேள்வி ஒரே வரியாக இருக்கட்டும். அவர் களத்தில் மழையில் நிற்கிறார். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கேள்வியிலேயே சொல்லிவிட்டால் அவருக்குச் சொல்ல என்ன மிஞ்சும்?

8. முகமும் குரலும்

2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். நாடே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட எச். ராமகிருஷ்ணன் தூர்தர்ஷனில் செய்தி வாசித்தார். நிறம், உயரம், பருமன் பற்றி யாராவது உங்களைக் குறைத்துப் பேசினால் இந்த இரண்டு பெயர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குரலுக்குத் தூக்கமும் தண்ணீரும்தான் மருந்து. விடியற்காலைச் செய்தி வாசிப்பவர் இரவு ஒன்பதுக்குப் படுத்துவிட வேண்டும். அடிக்கடித் தொண்டையைச் செருமாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். வேறொருவர் குரலைப் போலப் பேச முயலாதீர்கள்.

9. இங்கிருந்தே தொடங்குங்கள்

சென்னைக்குப் போனால்தான் வாழ்வு என்ற நிலை 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்தில் இருந்தது. பிறகு 1993-ல் சன் டிவி வந்தது. 2011-ல் புதிய தலைமுறை வந்தது. நம் சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாகத் தொடங்கிய பாலிமர் தமிழ்நாடு முழுவதும் பார்க்கும் செய்திச் சேனலாக வளர்ந்தது. பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் சிறிது என்று தள்ளாதீர்கள். லீ பஜாரும் ராசிபுரமும் சங்ககிரியும் தெரிந்த வாசிப்பாளருக்கு எந்த ஊரும் புதிதாக இருக்காது.

வாசிக்க மட்டும் தெரிந்தால் போதாது. செய்தி எழுதவும், களத்துக்குப் போய் நிருபராக நிற்கவும், வீடியோ வெட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். சேனல்கள் ஆளைக் குறைக்கும்போது இரண்டு வேலை தெரிந்தவர் நிற்பார்.

"பணம் கட்டு, ஆங்கர் ஆக்குகிறேன்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணி நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பெண் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள்: பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொந்தரவுகளை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

10. இயந்திரத்தைக் கண்டு அஞ்சாதீர்கள்

2023-ல் ஒடிசாவில் ஓ.டி.வி. சேனல் 'லிசா' என்ற செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளரைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் டி.டி. கிசான் சேனல், ஐம்பது மொழிகளில் பேசும் 'கிரிஷ்', 'பூமி' என்ற இருவரை அறிமுகப்படுத்தியது. இவை களைப்பதில்லை, விடுப்புக் கேட்பதில்லை. எழுதிக் கொடுத்ததைத் தடுமாறாமல் வாசிக்கின்றன. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால், இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்கு வேலை இருக்காது.

ஆனால் இந்த எண் சரியா, இந்தப் பெயரைச் சொல்லலாமா, இந்த மரணத்தை யார் உறுதி செய்தார்கள் என்று நேரலைக்கு ஒரு நிமிடம் முன்பு நின்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். தவறு நேர்ந்தால் அதே திரையில், அதே முகத்தோடு, தன் பெயரில் திருத்தம் சொல்லவும் ஒரு மனிதர் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கத் துணிந்த பிள்ளைகள் தைரியமாக வாருங்கள். உங்களைப் போன்றவர்கள் தமிழ்ச் செய்தி அறைகளுக்கு இப்போது மிகவும் தேவை.