அச்சுக் கோப்பவர் தமிழர்; படிப்பவர் யார்?



மருத்துவ நூல் வெளியீடு என்றதும், அது மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு உரிய பொருள், நமக்கு அதில் என்ன என்று நீங்கள் எண்ணலாம். வேதியியலில் முதுகலை பயிலும் நானும் சென்ற விடுமுறை வரையில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

என் பாட்டனார் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. தேவிகுளம் வட்டத்து லயம் ஒன்றில் எங்கள் குடும்பம் இன்றும் வாழ்கிறது. விடுமுறைக்குப் போயிருந்தபோது ஆச்சி ஒரு மாத்திரைப் புட்டியை என் கையில் கொடுத்தார். "ஆறு மாசமா முழுங்குறேன், அசதி போகலையே ஐயா! நீ படிச்ச பிள்ளை. இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்றார்.

தைராய்டுச் சுரப்புக் குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரை அது. உடன் இருந்த தாளில் எறும்பு ஊர்ந்தாற்போல ஆங்கில எழுத்துகள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உணவு உண்ண அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆச்சியோ நாள்தோறும் விடியற்காலைத் தேநீரோடு மாத்திரையை விழுங்கி, உடனே பலகாரமும் உண்டு வேலைக்குப் புறப்பட்டிருக்கிறார். மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை. குருதிச் சோதனையில் குறை நீங்காதது கண்டு மாத்திரையின் அளவையும் கூட்டியிருந்தார்கள். மருத்துவர் சொல்லாமல் இருந்திருக்கமாட்டார். ஆனால் கூட்டத்துக்கு இடையே மலையாளத்தில் விரைந்து சொன்னது ஆச்சிக்கு விளங்கவில்லை. ஆச்சிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கத்தான் தமிழில் ஒன்றும் இல்லை!

மருத்துவ அறிவு யார் கையில் அச்சேறுகிறது? யாருக்கு விற்கப்படுகிறது? யாரிடம் போய்ச் சேராமல் நிற்கிறது? அன்று எழுந்த இந்த வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் சந்தையைக் காண்போம். மருத்துவ ஆராய்ச்சியின் முடிவுகள் ஆய்விதழ்களில் வெளிவருகின்றன. 1823-இல் தாமஸ் வேக்லி என்ற மருத்துவர் லண்டனில் 'லான்செட்' இதழைத் தொடங்கினார். 1991-இல் அது எல்செவியர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்று எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, வோல்ட்டர்ஸ் குளுவர் போன்ற சில பெரு நிறுவனங்களே இத்துறையில் ஓங்கி நிற்கின்றன. இவ்வணிகத்தின் போக்கு வியப்பானது. ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கு இதழ் கூலி கொடுப்பதில்லை. கட்டுரையின் தரத்தை ஆராய்ந்து சொல்லும் அறிஞரும் பெரும்பாலும் கூலி பெறுவதில்லை. ஆனால் அவ்விதழை வாங்க அவர்கள் பணியாற்றும் பல்கலைக்கழகமே பெரும்பொருள் தர வேண்டும். விளைத்த உழவனே அரிசியை விலைக்கு வாங்கி உண்பது போன்றது இது அன்றோ?

இதை எதிர்த்து, ஆய்வுகளை யாவரும் விலையின்றிப் படிக்க வேண்டும் என்ற அறிக்கை 2002-இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து வெளிவந்தது. அதன்பின் பல இதழ்கள் கதவைத் திறந்தன. ஆயினும் பலவற்றில் சுமை படிப்பவர் தோளிலிருந்து எழுதுபவர் தோளுக்கு மாறியது. 'நேச்சர்' இதழ் 2021-இல் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ கட்டணம் விதித்தது. நம் நாட்டிலோ அரசே வாங்கித் தரும் முறை வந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இசைவளித்தது. 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்களின் மாணவரும் ஆய்வாளரும் பயன்பெறுவர். இது நல்லதே. ஆயினும் கதவு திறந்தது கல்விக்கூடத்துக்கு, லயத்துக்கு அன்று.

அடுத்து, தொழில்நுட்பம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் போயிற்று. 1998-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி இன்று இத்தொழிலுக்கு முதுகெலும்பு. இது தலைப்பு, இது ஆசிரியர் பெயர், இது அட்டவணை என்று கட்டுரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் கணினியில் குறியிடுவார்கள். ஒருமுறை குறியிட்டால் போதும். அதே கட்டுரை தாளிலும் திரையிலும் கைப்பேசியிலும் தக்க வடிவில் தோன்றும். உலக ஆய்விதழ்கள் பலவற்றுக்கு இவ்வேலை எங்கே நடக்கிறது தெரியுமா? சென்னையிலும் புதுச்சேரியிலும்! பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த தமிழ் நண்பர் ஒருவர் சென்னையில் இவ்வேலை செய்கிறார். ஆச்சியின் கதையை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "தைராய்டு பற்றி எத்தனையோ கட்டுரைக்குக் குறி போட்டிருக்கேன் தம்பி. எங்க அம்மாவும் அந்த மாத்திரைதான் சாப்பிடறாங்க. எப்படிச் சாப்பிடறாங்கன்னு ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

தமிழில் மருத்துவம் எழுத இயலாதா? இயலும் என்பதற்கு வரலாறு சான்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் 1858-இல் வெளிவந்தது. பதினான்கே ஆண்டுகளில், 1872-இல், அது 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. என் துறையான வேதியியலுக்கும் 1875-இல் 'கெமிஸ்தம்' என்றொரு நூல் அவர் முயற்சியால் பிறந்தது. அன்று தொடங்கிய பணி தொடர்ந்திருந்தால், இன்று ஆச்சி என்னிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை.

இன்றும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் 2023-இல் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் வெளியிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் எளிய சுருக்கங்களுள் பல தமிழிலும் கிடைக்கின்றன. கணினி நொடியில் மொழிபெயர்த்துத் தருமே என்பீர்கள். தரும், ஆனால் மருந்தின் அளவிலும் வேளையிலும் ஒரு சொல் பிறழ்ந்தால் உயிருக்குக் கேடு. ஆதலால் துறை அறிந்த தமிழர் கண் அதன்மேல் படவேண்டும். அந்தக் கண் அறிவியல் படிக்கும் நம்மிடம் இருக்கிறது.

விடுமுறை முடியுமுன் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், "விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அரைமணி கழித்தே தேநீர்" என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். கூட்டிய அளவு இனியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க ஆச்சியை அழைத்தும் சென்றேன். நான் புறப்பட்ட அன்று காலை, பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் தத்தம் மருந்துத் தாளோடு வாசலில் நின்றார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, ஒருவருடையதைத்தான் படித்துச் சொல்ல முடிந்தது.

மற்ற இருவருக்கும் யார் படித்துச் சொல்வது? தோழர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு மருந்துத் தாளை எடுத்துப் பாருங்கள். ஐயம் வந்தால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுத் தெளிந்து, பிழையில்லாத தமிழில் எழுதி வையுங்கள். நம் சங்கம் அவற்றைத் தொகுத்தால் அதுவே ஒரு நல்ல வெளியீடாகும்.