கிளட்ச் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில், முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். அங்கிருந்து மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் ஆடி 18 வல்வில் ஓரி விழாவுக்கும் புது வண்டியில் உற்சாகமாக ஏறிப்போகிற பிள்ளைகளில் சிலர், இறங்கி வரும்போது என் கடை வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். கிளட்ச் லீவர் தொளதொளவென்று தொங்கும். அதைச் சரிசெய்ய எனக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் பின்னால் பஸ் வரும்போது நடுவளைவில் நின்றுபோன பயம் அவர்கள் முகத்தில் அப்படியே இருக்கும். அந்தப் பயம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன், கண்ணுகளா.

1. கிளட்ச் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஆயிலில் நனைந்தபடி, பிளேட்டுகள் அடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். நீ லீவரை இழுத்து, அதோடு இணைந்த கேபிள் இழுபடும்போதுதான் அந்தப் பிடி விடும். அப்படியென்றால், கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? பிடி விடவே விடாது. ஓடுகிற வண்டி அதே கியரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இது மனதில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

2. கேபிள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. லீவர் நாளுக்கு நாள் கனக்கும். இழுக்கும்போது நறநறவென்று உரசும். நேற்று டைட் செய்த கேபிள் இன்று மறுபடி தளர்ந்திருக்கும். அது இழைகள் ஒவ்வொன்றாக அறுகிற அடையாளம். லீவர் பக்கத்து முனையில், நிப்பிள் என்று சொல்லும் சின்ன உலோகக் குண்டு உட்காரும் இடத்தில்தான் பெரும்பாலும் முதலில் அறும். வாரம் ஒரு முறை அந்த இடத்தைக் குனிந்து பார். ஒரே ஓர் இழை சிலிர்த்து நின்றாலும் புதுக் கேபிள் போட்டுவிடு.

3. லீவரில் கொஞ்சம் ப்ளே, அதாவது கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் இடைவெளி, இருக்க வேண்டும். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கும் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் கணக்கு. உன் வண்டிக்கு எவ்வளவு என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். ப்ளே இல்லாமல் இறுக்கிவிட்டால் பிளேட் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். அதிகமாகத் தளர்ந்தால் கியர் மாற்றும்போது கடமுடவென்று சத்தம் வரும், நியூட்ரல் சிக்காது.

4. சிக்னலில் கியரைப் போட்டு, லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. எல்லாரும் செய்கிற தப்பு இது. அந்த நேரத்தில் கேபிள் அறுந்தால் வண்டி ஒரே தாவாக முன்னால் பாயும். முன்னால் ஒரு பாட்டி ரோட்டைக் கடந்துகொண்டிருக்கலாம். நின்றதும் நியூட்ரல் போடு. பிரேக் மேல் கால் இருக்கட்டும். கைக்கும் ஓய்வு, கேபிளுக்கும் ஓய்வு.

5. ஓடும்போது அறுந்தால் ஒன்றையும் அவசரமாகச் செய்யாதே. ஆக்சிலரேட்டரை மெதுவாக விடு. கண்ணாடியில் பின்னால் பார், இடது இண்டிகேட்டரைப் போடு, ஓரமாக வா. வேகம் நன்றாகக் குறைந்ததும் நியூட்ரலுக்குத் தட்டு. விழவில்லையா? பிரேக்கைப் பிடித்து நிறுத்து. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகும், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் மட்டும் நிற்கப்போகும் கடைசி நொடி வரை நியூட்ரலைத் தொடாதே. இன்ஜின் பிடித்து இழுப்பதுதான் அங்கே உனக்குப் பெரிய பிரேக்.

6. வண்டியைப் பிறகு பார், முதலில் ஆளைப் பார். வளைவில் நிற்காதே. பின்னால் உட்கார்ந்தவரை இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொல். இருட்டியிருந்தால் விளக்கு எரியட்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் உதவி கேட்கலாம். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

7. கிளட்ச் இல்லாமலும் பக்கத்து ஊர் வரை போகலாம். ஆனால் ரோடு காலியாக இருக்க வேண்டும், நீ தனியாக ஓட்ட வேண்டும். கூட வந்தவர் பஸ்ஸில் வரட்டும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய். லேசான இறக்கம் இருந்தால் உட்கார்ந்து உருள விடு, இல்லையென்றால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார். வண்டி உருளும்போதே ஃபர்ஸ்ட் கியரைத் தட்டு. மேல் கியருக்குப் போக, கியர் லீவரில் காலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரு நொடி மூடு. கியர் தானாக விழும். கிளட்ச் மிக அவசியமாகத் தேவைப்படுவது நிற்கும்போதும் கிளம்பும்போதும்தான், அதனால் நிற்காத வழியாகப் பார்த்துப் போ. டவுன் நெரிசலிலும் மலைப்பாதையிலும் இதைச் செய்யவே கூடாது. அங்கே தள்ளிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

8. கையில் இருப்பதை வைத்து ஒட்டுப்போடக் கற்றுக்கொள். நான் தொழில் பழகிய காலத்தில் ஓர் இரவு ஆத்தூர் ரோட்டில் என் வண்டியின் கேபிள் நிப்பிளோடு பிய்ந்துவிட்டது. அந்த வழியாகச் சைக்கிளில் வந்த வயரிங் வேலைக்காரர் ஒருவர், தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கனெக்டரை எடுத்து உடைத்தார். உள்ளே இரண்டு ஸ்குரூ வைத்த பித்தளைத் துண்டு இருந்தது. கேபிள் முனையை அதில் நுழைத்து, ஸ்குரூக்களை இறுக்கி, லீவர் பள்ளத்தில் உட்கார வைத்தார். நிப்பிள் தயார். அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகியதும் குறைந்த நீளமும் சரியாகிவிட்டது. அதே பித்தளையோடு வீடு வந்து சேர்ந்தேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அன்றிலிருந்து என் டூல்ஸ் பையில் அந்தத் துண்டு இல்லாமல் இருந்ததில்லை. இது ஊர் வந்து சேர மட்டும்தான், மறுநாளே புதுக் கேபிள் போட வேண்டும்.

9. தூரப் பயணம் போகிறவன் ஸ்பேர் கேபிளைப் பையில் வைப்பதைவிட, பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட விட்டு டேக் போட்டுக் கட்டி வைப்பது நல்லது. நடுரோட்டில் டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை, இரண்டு முனையையும் மாட்டினால் முடிந்தது. உன் வண்டி மாடலுக்கு உரிய கேபிளாக இருக்கட்டும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். எங்கேயும் கேபிள் இழுபடக்கூடாது. லாக் நட்டை இறுக்க மறக்காதே. வீட்டு வாசலில் நிழலில் ஒரு முறையாவது உன் கையாலேயே மாற்றிப் பழகு. மழையில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

10. கேபிளைவிடப் பெரிய செலவு பிளேட். கொல்லிமலையில் கருகிய பிளேட்டுகளை நான் கூடை கூடையாகக் கழற்றியிருக்கிறேன். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் போய், இன்ஜின் முக்கும்போது லீவரைப் பாதி பிடித்தே ஏற்றுவார்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறை, லீவரை முழுக்க விட்டுவிடு. இன்ஜின் அலறியும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் ப்ளேயைப் பார், கேபிள் இறுகியிருந்தால் தளர்த்து. கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட்டு, சின்ன கியரில், ஆக்சிலரேட்டரை முறுக்காமல் மெல்லப் போ. ஆயிலிலும் கவனம் வேண்டும். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், அது பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

11. ரோட்டோரம் லீவர் தொங்க ஒருவர் நிற்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்து. தெரிந்ததைச் சொல்லிக்கொடு, பையில் பித்தளைத் துண்டு இருந்தால் கொடு. காசு வாங்காதே. அன்று ஆத்தூர் ரோட்டில் என்னிடமும் ஒருவர் வாங்கவில்லை.