கேள்வி மாறினால்தான் கூட்டு

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் மேலாண்மைத் துறையில் வேலை பார்ப்பதில் ஓர் அனுகூலம் உண்டு: வேதியியல் ஆய்வகமும் கணினி மையமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். ஒரு சங்கடமும் உண்டு. பொறியியல் பக்கத்தில் நம்மை ‘எக்செல் ஆட்கள்’ என்பார்கள். நம் பக்கத்தில் அவர்களை ‘மனுஷனைப் பார்க்காமல் மெஷினைப் பார்ப்பவர்கள்’ என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே பாடம் நடத்தியும் ஆராய்ச்சி செய்தும் கற்றுக்கொண்டதை, புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்காகவும் ஆராய்ச்சி மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியாளர் கருவியைச் செய்து முடிக்கிறார். மேலாண்மைக்காரர் கடைசியில் வந்து ‘செலவும் பலனும்’ என்று ஓர் அத்தியாயம் சேர்க்கிறார். அது கூட்டு ஆராய்ச்சி இல்லை, பைண்டிங் வேலை. ஒரு துறை கண்டறிந்த விடை, அடுத்த துறை கேட்கும் கேள்வியையே மாற்ற வேண்டும்.

தனித் துறையால் முடியாத சிக்கலை எடுங்கள்

நான் அதிகம் பயன்படுத்தும் உதாரணம் திருப்பூர் சாயக்கழிவுநீர். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, தொட்டியில் நிறைய உப்பு போட வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்போ கழிவுநீரோடு வெளியேறிவிடும். நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்பு, கரைந்த உப்பைத் தொடுவதே இல்லை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதற்கு இது பெரிய காரணம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திரும்ப ஓட்டலாம் என்ற நிலை வந்தது. இந்த முறையில், ஆர்.ஓ. மூலம் நல்ல நீரைப் பிரித்துவிட்டு, மிஞ்சும் உப்புக் கரைசலைச் சூடாக்கி வற்றவைத்து உப்பையும் மீட்கிறார்கள். எரிசக்தியை ஏராளமாக விழுங்கும் வேலை.

இதுவரை வேதிப் பொறியியல். பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் செலவை எப்படிப் பிரிப்பது என்று கேட்டதும் பாடம் வேறு பக்கம் திரும்பும். லிட்டர் கணக்கில் கட்டணம் வாங்கினால், துணி அலசும் நீரைக் குறைத்த பட்டறைக்கு பில் குறையும். ஆனால் அது அனுப்பும் உப்பின் எடை குறையவில்லை. அடர்த்தி கூடிய கரைசலை ஆர்.ஓ. சவ்வுக்குள் தள்ள அதிக அழுத்தம் வேண்டும். அந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழும். சரி, உப்பின் எடைக்கு வாங்கலாமா? அதற்குப் பட்டறைக்குப் பட்டறை மீட்டர் வைக்க வேண்டும். அந்த மீட்டர் யார் பொறுப்பில்? பக்கத்துப் பட்டறைக்காரர் அதன் கணக்கை நம்புவாரா?

இந்த இடத்துக்கு வந்த பிறகு வேதிப் பொறியாளர் ‘எந்தச் சவ்வு நல்லது’ என்பதோடு நிற்க முடியாது. ‘யாரும் ஏமாற்ற முடியாத சென்சார் எது’ என்றும் கேட்டாக வேண்டும். நானும் உப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் கட்டண அட்டவணை போட முடியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் இதே கண்ணோடு பாடமாக வைக்கலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். வேலையை இப்படி ஒழுங்குபடுத்தியதால் மருத்துவரின் நேரம் வீணாகவில்லை. அடுத்த முட்டுக்கட்டை, இறக்குமதியாகும் உள்விழி லென்ஸின் விலை. 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்தார்கள். மேலாண்மை தந்த விடை, உற்பத்திப் பொறியியலுக்குக் கேள்வியாகப் போய்ச் சேர்ந்தது.

வகுப்பில் இருவரும் ஒன்றாக நில்லுங்கள்

‘முதல் பாதி நீங்கள், அடுத்த பாதி நான்’ என்று செமஸ்டரைப் பிரித்துக்கொள்வது நமக்கு வசதி. மாணவர்களுக்கு அது இரண்டு அரைப் பாடங்கள். ஒரே மணி நேரத்தில் இருவரும் வகுப்பில் இருக்க வேண்டும். நான் கட்டண அட்டவணையைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்சில் இருந்து வேதிப் பொறியியல் சகா, “மேடம், உங்க கணக்குல உப்பு எங்க போச்சு?” என்று கேட்பார். “சார், உங்க படத்துல பட்டறைக்காரரே இல்லையே” என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த வாக்குவாதம்தான் பாடம். ஆசிரியர்கள் மரியாதையோடு முரண்படுவதைப் பார்த்த மாணவர்கள், தங்கள் குழுவுக்குள்ளும் அப்படியே பேசப் பழகுகிறார்கள்.

குழு வேலையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். பி.டெக். மாணவர் கட்டண அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். எம்பிஏ மாணவர் நீரும் உப்பும் ஓடும் வரைபடத்தைப் போட வேண்டும். தெரிந்ததை அவரவர் செய்தால் அறிக்கை அழகாக வரும், யாரும் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். வைவாவில் ஒவ்வொருவரிடமும் அடுத்தவர் பகுதியிலிருந்தே கேள்வி. விடைத்தாளை இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண் எங்கே பெரிதாக விலகுகிறதோ அந்த விடையை வகுப்பிலேயே விவாதிக்கிறோம்.

மனித விஷயம் பொறியியலுக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கும் மாணவர்களிடம் ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ட்ரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் 1951-ல் வெளியிட்ட ஆய்வு அது. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில், சிறு குழுவாக முழு வேலையையும் தாங்களே பார்த்து வந்தவர்களை, இயந்திரம் வந்த பின் ஷிப்டுக்கு ஒரு வேலை என்று பிரித்துவிட்டார்கள். குழுவின் பிணைப்பு உடைந்தது. இயந்திரம் தர வேண்டிய பலனும் கிடைக்கவில்லை. தொழில்நுட்பத்தையும் வேலை அமைப்பையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கிருந்து வளர்ந்தது.

பேச வேண்டியதை முன்பே பேசுங்கள்

நல்ல நட்பு கெடுவது பெரும்பாலும் கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதில்தான். பொருளாதாரத்தில் பெரும்பாலும் அகரவரிசை. பொறியியலில் முதல் பெயர் வேலையை இழுத்துச் செய்தவருக்கு, கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருக்கு. எந்த முறை என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த இதழுக்கு அனுப்புவது, தரவை யார் வைத்திருப்பது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 பல்துறைக் கல்வியைப் பற்றி நிறையப் பேசுகிறது. ஆனால் தேசியத் தரவரிசையில் பொறியியலுக்கு ஒரு பட்டியல், மேலாண்மைக்கு ஒரு பட்டியல். நம் பதவி உயர்வும் துறைவாரியாகத்தான் பார்க்கப்படுகிறது. இதைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, ஒரே களப்பணியிலிருந்து இரு பக்கத்துக்கும் செல்லுபடியாகும் கட்டுரைகள் வரும்படி திட்டமிடுவது பயன் தரும். மேலாண்மை இதழ்களில் திருத்தம், மறுதிருத்தம் என்று நாள் இழுக்கும். பொறியியல் மாநாட்டுக் கட்டுரை விரைவில் வந்துவிடும். பிஎச்.டி. மாணவரின் காலக்கெடுவை மனத்தில் வைத்து இரண்டையும் கலந்து வையுங்கள்.

ஒரு முறையியலில் ஆழமாக நில்லுங்கள்

‘எல்லாம் கொஞ்சம் தெரியும்’ என்று வருகிற மாணவரை வேலைக்கு எடுக்கும்போது எந்தத் துறையும் தன்னுடையவர் என்று கொள்வதில்லை. புள்ளியியலோ, களநேர்காணலோ, ஆய்வகப் பரிசோதனையோ, ஒன்றிலாவது அந்தத் துறைக்காரர்களோடு சரிக்குச் சரி நிற்க வேண்டும். இரண்டு கைடுகள் இருந்தால் இருவரையும் மாதம் ஒருமுறையாவது ஒரே அறையில் சந்தியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இருவருக்கும் நடுவே தூது போவதே உங்கள் வேலையாகிவிடும்.

ஹெர்பர்ட் சைமனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். படித்தது அரசியல் அறிவியல். வேலை பார்த்தது கார்னகியின் தொழில் நிர்வாகப் பள்ளியில். 1975-ல் ஆலன் நியூவெல்லோடு கணினித் துறையின் டூரிங் விருது, 1978-ல் பொருளாதார நோபல். முழுத் தகவலும் போதிய நேரமும் இல்லாத மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அவர் விடாமல் பின்தொடர்ந்தார். நிர்வாகத்தில் தொடங்கிய அந்த விசாரணை, சதுரங்கம் ஆடும் நிரலில் வேறு வடிவம் எடுத்தது.

உங்கள் கூட்டு வேலை உண்மையில் கூட்டா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. திட்ட முன்மொழிவில் எழுதிய ஆராய்ச்சிக் கேள்வியையும், முடிந்த கட்டுரையில் இருக்கும் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு சொல்கூட மாறவில்லை என்றால், அடுத்த துறைக்காரர் பெயர்தான் கட்டுரையில் இருக்கிறது, அவர் இல்லை. அடுத்த திட்டத்தில், முன்மொழிவு எழுதும் முன்பே அவரைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.